பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களை சபையில கௌரவிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாசம் ரிசல்ட் வந்துட்டா போதும், ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், எண்ணூர்னு நம்ம வடசென்னை சர்ச்சுங்க எல்லாத்துலயும் இதே பேச்சுதான். யாருக்கு பரிசு, யாரு கொடுக்குறது, எந்த ஞாயிறு, சால்வையா ஷீல்டா. யூத் செக்ரட்டரிங்க, கமிட்டி மெம்பருங்க, பெத்தவங்க கேக்குற கேள்விங்களை இங்க சேத்து வெச்சிருக்கேன். நான் சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்குற ஆளு, அதனால பதிலு கொஞ்சம் பிள்ளைங்க பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

நாங்கதான் வருஷா வருஷம் ப்ரைஸ் கொடுக்குறோமே, இதுல புதுசா என்ன இருக்கு?

கொடுக்குறீங்க, இல்லன்னு சொல்லல. அறிவிப்பு முடிஞ்சதும் செயலாளர் மைக்கை வாங்கி மூணு பேர் பேரை மார்க்கோட படிப்பாரு, அந்த மூணு பேரும் வருவாங்க, பொன்னாடை, ஷீல்ட், போட்டோ, கைதட்டல், அப்புறம் ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிடுவாங்க. அது ப்ரைஸ் டிஸ்ட்ரிபியூஷன், அதை அவங்க படிச்ச ஸ்கூலே பண்ணிடும். சபை பண்ண வேண்டியது வேற. சண்டே ஸ்கூல்ல பிகினர்ஸ்ல உக்காந்து கலர் அடிச்ச பிள்ளை, கிறிஸ்மஸ் டிராமால ஆடு வேஷம் போட்ட பிள்ளை, இன்னிக்கி ஸ்கூலை முடிச்சுட்டு வெளிய போவுது, அதை நிக்க வெச்சு "நீ எங்க பிள்ளை"ன்னு நாலு பேர் முன்னாடி சொல்றது. இதுக்கு மார்க் ஷீட் எதுக்கு?

அப்போ லிஸ்ட்ல யார் யாரைச் சேக்குறது?

இதுக்கு என்கிட்ட ஒரே பதில்தான், கமிட்டியில எத்தனை தடவ கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். பிப்ரவரி கடைசியில, பரிட்சைக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை, "பப்ளிக் எக்ஸாம் எழுதுற பிள்ளைங்க எல்லாம் முன்னாடி வாங்க"ன்னு கூப்பிட்டு பேனா வெச்சு ஜெபம் பண்றோம்ல, கத்தோலிக்க கோயில்கள்ல பீடத்துகிட்ட ஹால் டிக்கெட்டும் பேனாவும் வெச்சு மந்திரிச்சுக் கொடுக்குறாங்கல்ல, அன்னிக்கி முன்னாடி வந்து முட்டி போட்ட பிள்ளைங்க எத்தனை பேரோ அத்தனை பேரும்தான் லிஸ்ட். அன்னிக்கே ஒரு நோட்டுல பேர் எழுதி வெச்சுருங்க. பிப்ரவரியில இருபது பேருக்காக ஜெபம் பண்ணிட்டு ஜூன்ல மூணு பேரை மட்டும் கூப்பிட்டா மிச்ச பதினேழு பேர் என்ன நெனைப்பாங்க, நம்ம ஜெபம் கேக்கப்படலன்னா?

அதுக்கு மேல ரெண்டு மூணு வகை பிள்ளைங்க விட்டுப்போகும், அவங்களையும் தேடிப் பிடிங்க. பத்தாவதோட நிறுத்திட்டு ஐடிஐ சேந்து அந்த வருஷம் டிரேட் முடிச்சவங்க. பாலிடெக்னிக் முடிச்சவங்க. அப்பாவுக்கு முடியாம போயி படிப்பை பாதியில விட்டுட்டு கூரியர் கம்பெனில பார்சல் தூக்குற பையன், அவனும் அதே வயசுதான், அதே சண்டே ஸ்கூல் கிளாஸ்தான். தனியா ஓப்பன் ஸ்கூல்ல எழுதுறவங்க. இவங்க பேரை எங்க சேக்குறதுன்னு கேக்காதீங்க, அதே வரிசையில சேருங்க.

ஃபெயில் ஆன பிள்ளையை முன்னாடி நிக்க வெச்சா அதுக்கு அவமானமா இருக்காதா?

மார்க்கும் ரிசல்ட்டும் படிச்சாதான் அவமானம். படிக்கலன்னா யாரு பாஸ் யாரு ஃபெயில்னு எப்படித் தெரியும்? தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது வேற.

எங்க சபையில நடந்ததைச் சொல்றேன். மூணு சப்ஜெக்ட்ல போன பையன் ஒருத்தன், ரிசல்ட்டுக்கு அப்புறம் ஆராதனைக்கு வந்தா உள்ள வராம சைக்கிள் ஸ்டேண்டுகிட்டயே நிப்பான், காணிக்கை எடுக்குற நேரத்துல கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துட்டு ஆசீர்வாதத்துக்கு முன்னாடியே கிளம்பிடுவான். அந்த வருஷம்தான் மொத தடவ எல்லார் பேரையும் படிக்கிறதுன்னு முடிவு. பேர் கூப்பிட்டதும் எழுந்திரிக்கல. ஆயர் ரெண்டாவது தடவ கூப்பிடல, அடுத்த பேருக்குப் போயிட்டாரு, அதுதான் நல்லதா போச்சு, ஏன்னா நாலு பேர் கழிச்சு அவனே எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு நடந்து வந்தான். பக்கத்துல நின்ன பொண்ணு 560க்கு மேல எடுத்தது. ரெண்டு பேருக்கும் ஒரே கவர், ஒரே ஜெபம். பின்னாடி பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆயா ஒருத்தங்க மட்டும் "இவன் ஃபெயிலாச்சே"ன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டாங்க, அதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

இன்னொண்ணு, ஃபெயில் ஆனவங்களுக்கு துணைத் தேர்வு ஜூன் கடைசி, ஜூலை பக்கம் வந்துடுது. ஒரு சப்ஜெக்ட்டுக்கு 35 எடுத்தா பாஸ். அதே வருஷமே காலேஜ் சேரலாம். நீங்க ஜூன்ல அவனைக் கூப்பிட்டு நிக்க வெச்சா அது அந்தத் தேர்வுக்கான பேனா ஜெபமாவும் ஆயிடும். கூடவே சபையில யாராவது மேத்ஸ் டீச்சர் இருந்தா மூணு வாரம் சாயங்காலம் ஹால்ல உக்கார வைங்க, ஃபேனும் கரண்டும் சபையோடதுதானே.

கஷ்டப்பட்டு நல்ல மார்க் எடுத்த பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா?

அநியாயம்னு எனக்குத் தோணல. தமிழ்நாடு அரசே 2017லேர்ந்து ஸ்டேட் ஃபர்ஸ்ட், செகண்ட்னு ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்திடுச்சு, அதுக்கு முன்னாடி ரிசல்ட் அன்னிக்கி டிவி முழுக்க ஸ்வீட் ஊட்டுற படமா ஓடும், இன்னொரு பக்கம் வேற மாதிரி செய்திங்க வரும், நமக்குத் தெரியாததா. கல்வித்துறையே விட்டதை சபை ஏன் பிடிச்சுட்டு தொங்கணும்.

ஆனா ஒரு நிஜ சிக்கல் இருக்கு, எண்டோமெண்ட் ப்ரைஸ். பல பழைய சபைகள்ல தாத்தா பேர்ல, பாட்டி பேர்ல பணம் போட்டு வெச்சிருப்பாங்க, "கணக்கில் முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு"ன்னு எழுதியே கொடுத்திருப்பாங்க. அதை மாத்த முடியாது, மாத்தவும் வேணாம். அதை சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவுக்குத் தள்ளிடுங்க. ரெண்டு நிகழ்ச்சியும் ஒரே நாள்ல வெச்சீங்கன்னா எண்டோமெண்ட் வாங்குன பிள்ளை ரெண்டு தடவ மேடை ஏறும், மத்ததெல்லாம் ஒரு தடவ, அப்புறம் பழைய கதைதான்.

எந்த ஞாயிறு வெச்சா சரி?

மே மாசம் வேணாம். காரணம் ஒண்ணா ரெண்டா. மே மொத ஞாயிறு பெரும்பாலும் நீட் எக்ஸாம், 2023, 2024, 2025 மூணு வருஷமும் அப்படித்தான், எழுதுற பிள்ளை காலைலயே சென்டருக்கு ஓடணும், மத்தியானம் ஒன்றரைக்கு கேட்டை மூடிடுவாங்க. ஸ்டேட் போர்டு ரிசல்ட் அந்த வாரத்துல வருது, சிபிஎஸ்இ அதுக்கு அப்புறம்தான், ஒருத்தருக்கு வந்து ஒருத்தருக்கு வராம இருக்குறப்ப வெக்கிறது நல்லா இருக்காது. நடுவுல விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), டீச்சருங்க எல்லாம் ஆக்ஷன் சாங்குல பிஸி. பாதி சபை திருநெல்வேலி, நாசரேத்துன்னு ஊருக்குப் போயிருக்கும். அக்னி நட்சத்திரம் வேற.

ஜூன் ரெண்டாவது ஞாயிறுதான் என்னோட ஓட்டு. ஸ்கூலு தொறக்குற சமயம், ஊருக்குப் போனவங்க திரும்பி வந்திருப்பாங்க. மொத ஞாயிறு நிறைய சபைகள்ல திருவிருந்து, ஆராதனை ஏற்கனவே நீளம், அதனால ரெண்டாவது. முக்கியமான காரணம் இன்னொண்ணு இருக்கு, வடசென்னைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல: நம்ம கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். ரெண்டாவது ஞாயிறு எப்படிப் பாத்தாலும் 8க்கும் 14க்கும் நடுவுலதான் விழும், காசிமேட்டுல விசைப்படகுல போற அப்பாங்க எல்லாம் கரையிலதான் இருப்பாங்க, ஐஸ் ஏத்துறது, வலை சரி பண்றதுன்னு வேலை இருந்தாலும் ஞாயிறு காலைல வந்துட முடியும். ஒரு வாரம் தள்ளுனா போட் போயிடும், பையன் தனியா நிப்பான்.

கத்தோலிக்க பங்குகள்ல (அவங்க சபையை அப்படித்தான் சொல்லுவாங்க) ஜூன் 13 அந்தோணியார் திருவிழா இருக்கும், அந்தக் கூட்டத்தோட இதையும் சேக்காதீங்க, தொலைஞ்சு போயிடும். சில வருஷம் தூய ஆவி இறங்குன நாளைக் கொண்டாடுற பெந்தெகொஸ்தே ஞாயிறும் இதே தேதிக்கு வரும், 2025ல அப்படித்தான் ஜூன் 8ல வந்துச்சு, அது ஒண்ணும் பிரச்சனை இல்ல, இன்னும் பொருத்தம்தான்.

அமெரிக்கால கேப், கவுன் எல்லாம் போட்டு பண்றாங்களே, நாமளும் பண்ணலாமா?

வாட்ஸப்ல வர்ற வீடியோ பாத்துட்டு கேக்குறீங்க, தெரியுது. அங்க நிறைய சபைகள்ல மே, ஜூன்ல ஒரு ஞாயிறு ஹைஸ்கூல் முடிக்கிற பிள்ளைங்களுக்குன்னே ஒதுக்குறாங்க, ஸ்கூல் கவுனோடயே வருவாங்க, பேரு, எந்த ஸ்கூல், அடுத்து எங்க போறாங்கன்னு படிப்பாங்க, பைபிளோ வேற ஏதாவதோ கொடுப்பாங்க. பாக்கலரியேட்னு தனி ஆராதனையும் சில ஊர்ல உண்டு. 1992ல அவங்க சுப்ரீம் கோர்ட் அரசு ஸ்கூல் பட்டமளிப்பு விழாவுல மதகுருவைக் கூப்பிட்டு ஜெபம் பண்ண வைக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, அதனால அந்த ஜெபத்துக்கெல்லாம் இடம் ஸ்கூலுக்கு வெளியதான்.

அங்க அது வழியனுப்பு. ஆகஸ்ட் வந்தா நிறைய பிள்ளைங்க வீட்டை விட்டே காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிடும், சபைக்குத் திரும்ப வருமான்னே தெரியாது. நம்ம பிள்ளைங்க எங்க போவுது? தியாகராயா காலேஜ், பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் காலேஜ், ரொம்பப் போனா தாம்பரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடும், ஞாயிறு கொயர்லயும் நிக்கும். அதனால வழியனுப்பு மாதிரி அழுது வடிய வேணாம். அவங்ககிட்டேர்ந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கலாம், மார்க்கைப் படிக்காம "அடுத்து என்ன பண்ணப் போறாங்க"ன்னு படிக்கிறது. அதுவும் பிள்ளைகிட்ட முன்னாடியே கேட்டு, அது சொல்லச் சொன்னதை மட்டும். "இன்னும் முடிவு பண்ணல"ன்னு சொன்னா அதையே படிங்க.

கவுனா? ராயபுரத்துல ஜூன் மாசம், கடல் காத்து வர்றதுக்கு முன்னாடி, கறுப்பு பாலியஸ்டர். நீங்களே போட்டுப் பாருங்க.

ஆராதனையில எந்த இடத்துல வெக்கிறது, எவ்வளவு நேரம்?

அறிவிப்போட சேக்காதீங்க, அங்க ஜெனரேட்டர் ரிப்பேரு, கல்லறைத் தோட்டம் க்ளீனிங் எல்லாம் வரும். பிரசங்கம் முடிஞ்சு பொது ஜெபத்துக்கு முன்னாடி நல்ல இடம், ஜெபத்தோட இயல்பா சேந்துடும். கத்தோலிக்க திருப்பலின்னா நன்றி மன்றாட்டுக்கு அப்புறம். பதினஞ்சு நிமிஷம் போதும். பேரைச் சொல்றப்ப அம்மா அப்பாவும் கூட வந்து நிக்கட்டும், அம்மா மட்டும்னா அம்மா, பாட்டி வளத்திருந்தா பாட்டி, "தகப்பனார் வரலையா"ன்னு மைக்ல கேக்காதீங்க. வரிசை அகர வரிசையில.

பிள்ளைங்களை சாட்சி சொல்ல வைக்கலாமா?

ஏஜி (அசெம்பிளிஸ் ஆஃப் காட்), பெந்தெகொஸ்தே சபைகள்ல இது அதிகமா நடக்குது, இப்ப எல்லா இடத்துலயும் வந்துடுச்சு. "கர்த்தர் எனக்கு 580 மார்க் கொடுத்தார்"னு ஒரு பிள்ளை சொல்லும், சந்தோஷத்துல சொல்லுது, தப்பு இல்ல. ஆனா நாலாவது வரிசையில 190 எடுத்த பிள்ளை உக்காந்திருக்கு, அதுக்கு யாரு அந்த மார்க் கொடுத்தாருன்னு அது யோசிக்காதா? சாட்சி வேணும்னா வேற மாதிரி கேளுங்க. இந்தப் பன்னெண்டு வருஷத்துல உனக்கு ஒத்தாசையா இருந்தவங்க யாருன்னு ஒரே கேள்வி. பஸ்ஸுக்கு காசு கொடுத்த அண்ணன், ட்யூஷன் ஃபீஸ் வாங்காத அக்கா, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து டிபன் கட்டுன அம்மான்னு வரும் பாருங்க, பிரசங்கமே வேணாம்.

வசனம்னு பாத்தா எல்லாரும் எரேமியா 29:11தான் எடுக்குறாங்க, உங்களுக்குத் தீமையை இல்ல, சமாதானத்தைத்தான் நினைக்கிறேன்னு கர்த்தர் சொல்ற வசனம், கார்டுலயும் அதேதான் அச்சடிக்குறாங்க. நல்ல வசனம். ஆனா அதுக்கு முந்தின வசனத்தையும் சேத்துப் படிங்கன்னு ஆயர்கிட்ட சொல்லுங்க, பாபிலோனுக்குச் சிறையா போனவங்களுக்கு எழுதுன கடிதம் அது, எழுபது வருஷம் ஆகும்னு சொல்லிட்டுதான் நம்பிக்கையையே பேசுது. கவுன்சிலிங்ல கேட்ட காலேஜ் கெடைக்காதவனுக்கு அதுதான் உதவும்.

என்ன கிஃப்ட் கொடுக்கலாம்?

ஷீல்ட் வேணாம், டிவி ஸ்டேண்டுல ஏற்கனவே இடம் இல்ல. பைபிளை திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்துற சடங்கு) அப்பவே கொடுத்திருப்பீங்க. அப்படியும் கொடுக்கணும்னா பிள்ளைகிட்ட தமிழா இங்கிலீஷான்னு கேட்டுட்டு வாங்குங்க, இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க பாதிப் பேருக்கு தமிழ் பைபிள் எழுத்துக் கூட்டித்தான் வருது, இது சண்டே ஸ்கூல்ல வாரா வாரம் பாக்குறது. என்னைக் கேட்டா நல்ல பேக் ஒண்ணு, காலேஜுக்குத் தோள்ல மாட்டிட்டுப் போற மாதிரி, சபை பேர் பெருசா அச்சடிக்காம. இல்லன்னா கவர்ல பணம், எல்லாருக்கும் ஒரே தொகை. கார்டு வேணும்னா பாரிஸ் கார்னர் ஆண்டர்சன் தெருவுல பேப்பர் வாங்கிட்டு வந்து சண்டே ஸ்கூல் சின்னப் பிள்ளைங்களை வெச்சு எழுத வைங்க, எழுத்துப் பிழையோட இருந்தாலும் அதைத்தான் பத்திரமா வெச்சுக்குதுங்க.

சீஃப் கெஸ்ட் யாரைக் கூப்பிடுறது?

ஐஏஎஸ் வேணாம், எம்எல்ஏ வேணவே வேணாம், அவரு வர்றதுக்குள்ள ஆராதனை முடிஞ்சு பிள்ளைங்க வீட்டுக்குப் போயிருக்கும். உங்க பெஞ்சுலயே ஆள் இருக்காங்க. ஸ்டான்லில நர்சா இருக்குற அக்கா, ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில அப்ரெண்டிஸா சேந்து டெக்னீஷியன் ஆன அண்ணன், லேலண்டுல ரிட்டையர் ஆனவரு. பின்னி மில்லு 1996ல மூடுனப்ப வேலை போயி, அதுக்கப்புறம் ஆட்டோ ஓட்டி மூணு பிள்ளைங்களைப் படிக்க வெச்ச பெரியவர் ஒருத்தராவது பெரம்பூர் பக்கத்து சபையில இருப்பாரு, அவருகிட்ட அஞ்சு நிமிஷம் மைக் கொடுங்க.

சர்ச் ஹால்ல ட்யூஷன் படிக்கிற இந்து, முஸ்லிம் பிள்ளைங்களையும் கூப்பிடலாமா?

கண்டிப்பா. ஆனா ஆராதனை நடுவுல முன்னாடி நிக்க வெச்சு தலையில கை வெச்சு ஜெபம் பண்றது வேணாம், அவங்க வீட்டுல வேற மாதிரி எடுத்துப்பாங்க, நாளைக்கு ட்யூஷனுக்கே அனுப்ப மாட்டாங்க. ஆராதனை முடிஞ்சு ஹால்ல சாப்பாடு போடுறீங்கல்ல, அங்க எல்லாரையும் சேத்துக் கூப்பிட்டு அதே பேக்கைக் கொடுங்க. பெத்தவங்களை நேர்ல போய் கூப்பிடுங்க. சாப்பாடு பத்தியும் ஒரு வார்த்தை, பிள்ளைங்களைக் கேட்டா பிரியாணியை விட அத்தோதான் (பர்மா நூடுல்ஸ்) கேக்கும், பீச் ஸ்டேஷன் பக்கத்துலேர்ந்து ஆளைக் கூப்பிட்டு கடை போட வெச்சீங்கன்னா அதுதான் அன்னிக்கி பெரிய கௌரவம்.

ஃப்ளெக்ஸ் வெக்கலாமா? வாட்ஸப் குரூப்ல போடலாமா?

ரோட்டுல ஃப்ளெக்ஸ் வேணாம், அதுக்கு பர்மிஷன் தொல்லை வேற. காம்பவுண்டுக்குள்ள எல்லார் போட்டோவும் ஒரே சைஸ்ல இருந்தா வைங்க. மார்க் ஷீட் போட்டோவை மட்டும் எங்கயும் போடாதீங்க. ரெஜிஸ்டர் நம்பரும் பிறந்த தேதியும் தெரிஞ்சா யாரு வேணா ரிசல்ட்டைத் தொறந்து பாக்கலாம், அது ரெண்டையும் சேத்து ஆயிரம் பேர் குரூப்ல போட்டு "காங்கிராட்ஸ்"னு எழுதுறது என்ன பழக்கமோ.

காசுக்கு என்ன பண்றது?

பெத்தவங்ககிட்ட வசூல் பண்ணாதீங்க, முக்கியமா தடைக்காலத்துல. அன்னிக்கி ஸ்தோத்திர காணிக்கையா வர்றதை இதுக்கு ஒதுக்கலாம், அறுப்பின் பண்டிகை ஏலத்துலேர்ந்து ஒரு பங்கை முன்னாடியே எடுத்து வெக்கலாம். கொடுக்குறவங்க பேரை மைக்ல படிக்க வேணாம், படிச்சா அடுத்த வருஷம் அவரு பையனுக்குத் தனி சால்வை வரும். ராயபுரம் புனித பேதுரு கோயிலையே 1829ல படகுக்காரங்கதான் காசு போட்டுக் கட்டுனாங்க, நம்ம ஏரியாவுல இருபது பேக் வாங்க முடியாதா.

ஒரு நாள் கூப்பிட்டு கைதட்டுனா போதுமா?

போதாது, அதுவும் ஜூன் வரைக்கும் காத்திருந்தா லேட். இன்ஜினியரிங் கவுன்சிலிங் ரெஜிஸ்ட்ரேஷன் ரிசல்ட் வர்ற சமயத்துலயே தொறந்து ஜூன் மொத வாரம் பக்கம் மூடிடுறாங்க, ஃபீஸ் 500, எஸ்சி எஸ்டி பிள்ளைங்களுக்கு 250. அரசு கலைக் கல்லூரி அப்ளிகேஷனும் மே மாசம்தான். அதனால ரிசல்ட் வந்த மொத ஞாயிறே ஹால்ல ஒரு டேபிள், ஒரு லேப்டாப், விவரம் தெரிஞ்ச ரெண்டு காலேஜ் பசங்க. வருமானச் சான்று, சாதிச் சான்று, குடும்பத்துல மொத ஆளா படிக்கிறவங்கன்னா முதல் பட்டதாரி சான்று, இதுக்கெல்லாம் இ-சேவையில அப்பவே போட்டாதான் கைக்கு வரும்.

அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு நிறைய இருக்கு, தெரியாம விட்டுடுறாங்க. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா, அந்தத் திட்டத்தைத் தொடங்கி வெச்சதே 2022ல நம்ம பாரதி மகளிர் கல்லூரியிலதான். பையன்களுக்கு 2024லேர்ந்து தமிழ்ப் புதல்வன். மெடிக்கல், இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு தனியா இருக்கு. இதை ஒரு சார்ட்டுல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா பொன்னாடையை விட உருப்படி.

அப்புறம் செப்டம்பர்ல அந்தப் பேனா ஜெப நோட்டை எடுத்துப் பாருங்க. சேந்த பிள்ளைங்க போகுதா, ஃபீஸ் கட்டலன்னு நின்னுடுச்சா, துணைத் தேர்வு எழுதுனவன் என்ன ஆனான். பங்குகள்ல இருக்குறவங்க அன்பியம் (பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேந்து ஜெபிக்கிற குழு) வழியா கேட்டா சீக்கிரமே தெரிஞ்சுடும்.

கூப்பிட்டும் வராத பிள்ளைக்கு என்ன பண்றது?

பேரைப் படிங்க, "வரவில்லை"ன்னு சேத்துப் படிக்காதீங்க. அதோட பேக்கை கமிட்டி பீரோவுல வெச்சுப் பூட்டாம அன்னிக்கி சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டு போங்க, சண்டே ஸ்கூல் டீச்சரும் இன்னொருத்தரும் போதும், ஆயர் வந்தா நல்லது, கும்பலா போகாதீங்க. வாசல்லயே நின்னு சத்தமா ஜெபம் ஆரம்பிச்சுடாதீங்க, அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பாக்கும். ரிசல்ட்டைப் பத்தி அவங்களா பேசுனா பேசுங்க. டீ போட்டுக் கொடுத்தா வேணாம்னு சொல்லாம குடிச்சுட்டு வாங்க.